நாலு கதவிலும் அவர் குரல்

ஜனவரி 9, வியாழன்

காரில் இருந்த பழைய ரேடியோ இன்று ஒரேயடியாகப் போய்விட்டது. பல மாதமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் பாடும், மேட்டில் ஏறினால் நின்றுவிடும். இன்று எந்தப் பள்ளமும் எடுபடவில்லை.

வீட்டுக்கு வந்து பேச்சுவாக்கில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு அவர் வாயருகே காதை வைத்தேன்.

"புதுசு வாங்கலாம்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இவராக ஒன்று வேண்டும் என்று கேட்பது இதுதான் முதல் தடவை. காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் எட்டிய குரல். புற்றுநோய் என்று குரல்வளையில் பாதியை எடுத்த பிறகு மிச்சம் இருப்பது வெறும் காற்று. எழுதிக் காட்டட்டும் என்று ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன். அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். இவர் ஏதாவது சொன்னால் நான் தலையாட்டுகிறேன், பாதி நேரம் ஒன்றும் புரியாமலே. நான் புரியாமல் தலையாட்டுவது இவருக்கும் தெரியும். அதனால் சொல்வதையே குறைத்துக்கொண்டு வருகிறார்.

ரேடியோ எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வேண்டும் என்று கேட்டாரே.

ஜனவரி 18, சனி

கார் ஆடியோ கடை. கடைக்காரர் ஒரே பாட்டை ஒவ்வொரு செட்டாகப் போட்டுக் காட்டி, "இது பிடிச்சிருக்கா, முன்னாடி கேட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும்போது நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி அது. ஒண்ணாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா? கொஞ்ச நேரத்தில் ஆட்கள் சலித்துப்போய் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இன்று நானும் அதையே செய்தேன்.

கடைக்காரருக்குப் பெரிய தொடுதிரை செட்டைத் தலையில் கட்டிவிட வேண்டும் என்று ஆசை.

"இதுல படம்கூடப் பார்க்கலாம் மேடம்."

"வண்டி ஓட்டும்போதா?"

"பார்க்கலாம்னுதான் சொன்னேன். பாருங்கன்னு சொல்லலையே."

இவர் சிரித்தார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

டிக்கியில் பாஸ் பெட்டி வைத்தால் நெஞ்சே அதிரும் என்றார் கடைக்காரர். எங்களுக்கு இருக்கிற அதிர்ச்சியே போதும் என்றேன். கடைசியில் இவர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஒரு சின்ன செட்டைக் காட்டினார். நடுவில் நல்ல பெரிய வால்யூம் திருகு. "சார், அது பழைய மாடல்" என்றார் கடைக்காரர். இவர் கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்பிப் பார்த்தார். என் காதில் வந்து சொன்னார்: "கையே கண்டுபிடிச்சுடும். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அதை யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்.

ஜனவரி 19, ஞாயிறு

செட்டைப் பொருத்தினார்கள். நாலு கதவுக்கும் புது ஸ்பீக்கர். போனில் வருகிற அழைப்பும் அதிலேயே பேசுமாம். "பேசுற மைக்கை எங்க ஒட்டட்டும்?" என்று ஃபிட்டர் கேட்டார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். ஃபிட்டர் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு வரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

சோதனைக்கு எங்கள் பையனுக்குப் போன் போட்டோம். வெளியூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவான். அப்பா குரல் அப்படியே. அவன் "அம்மா" என்றதும் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. திருகைத் திருப்பி வால்யூமை ஆறுக்கு இறக்கினேன். இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னுடைய பழைய குரலைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஜனவரி 28, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் இவரிடமிருந்து போன். இவர் போன் செய்வதே இல்லை; காதில் வைத்தால் இஸ் என்ற சத்தம்தான் வரும். கைதவறி அழுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்காமல் திருகை ஏற்றினேன். ஏற்றிக்கொண்டே போனேன். முப்பத்தெட்டில் —

"குடையை மறந்துட்ட."

நாலு கதவிலிருந்தும். காதுக்குள் சொல்வதைப்போல, ஆனால் கார் முழுக்க. காற்றுதான், அதே காற்றுதான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"எங்கிருந்து பேசறீங்க?" என்றேன், பைத்தியம்போல.

"வீட்டுலதான். வேற எங்க போவேன்?"

"எனக்குக் கேட்குதுங்க. நல்லாக் கேட்குது."

"நிஜமா? தலையாட்டலையே?" என்றார்.

மழையில் நனைந்துகொண்டேதான் கடைக்குள் போனேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வேலை விட்டு வந்ததும் மாடி ஏறுவதில்லை. கீழே காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இவர் மூன்றாவது மாடியில் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுகிறார். சந்தைக் கதை, பையன் கல்யாணப் பேச்சு, என் சமையலைப் பற்றிய குறைகள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த குறைகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருக்கிறது.

இன்று கீழ் வீட்டு அம்மா கண்ணாடியைத் தட்டினாள். "தினமும் இங்கயே உட்கார்ந்திருக்கீங்களே, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லைங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டிருக்கேன்."

அவள் மேலே எங்கள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நடையைக் கட்டினாள்.

நடுவில் பையன் கூப்பிட்டால்தான் வம்பு. முப்பத்தெட்டிலேயே அவன் குரல் வந்து இடியாக இறங்கும். அவனுக்கு ஆறு, அப்பாவுக்கு முப்பத்தெட்டு. கை தானாகத் திருப்பப் பழகிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று என்னை ஏலம் விட்டார்.

"கண்ணாடிக் கடை அம்மா. ஒரே கை பழகினது. ஓட்டம் நல்லா இருக்கும், சூடு சீக்கிரம் ஏறும். என்ன கேட்கறீங்க? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

காத்துக்கொண்டே இருந்தேன். "மூணாவது எங்க?" என்றேன்.

"விக்கிற எண்ணம் இல்ல."

மார்ச் 11, செவ்வாய்

திரும்பவும் வந்திருக்கிறதாம். டாக்டர் இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் இவர் செட்டைப் போடவில்லை. நானும் போடவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. வார்டில் நிமிடத்துக்கு ஒரு சத்தம்: தள்ளுவண்டி, பக்கத்துக் கட்டிலின் இருமல், மருந்து இறங்குகிற மெஷின். இவர் சொல்வது தலையணையைத் தாண்டாது. காதை வைத்தாலும் வெறும் சூடுதான் படுகிறது.

அதனால் ஜன்னலைக் காட்டுகிறார். ஜன்னலுக்கு நேர் கீழே கார் நிறுத்துமிடம். நான் இறங்கிப்போய் உட்கார்ந்து திருகை ஏற்றுகிறேன். இவர் பேசுகிறார். பேசி முடித்ததும் மேலே ஏறி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்தால் குரல் இல்லை. குரல் வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்க முடியாது. இதென்ன கணக்கு? யார் போட்ட கணக்கு?

ஏப்ரல் 2, புதன்

மாலை கீழே இறங்கச் சொன்னார். உட்கார்ந்ததும் சொன்னார்:

"எனக்கு பயமா இருக்கு."

முப்பது வருஷத்தில் இவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததே இல்லை. நேருக்கு நேர் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"எனக்கும்தாங்க" என்றேன்.

கார் முழுக்க இவர் மூச்சு. பிறகு மேலே போனேன். போர்வையைச் சரி செய்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போனைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. நர்ஸ் பிடித்துக்கொண்டாள். கீழே நான் திருகைக் கடைசி வரை திருப்பினேன். இரைச்சல்தான் கூடியது. அதற்குள் இவர் எங்கோ இருந்தார். முப்பத்தெட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே ஓடினேன். இனிமேல் கீழே போவதில்லை. பக்கத்திலேயே இருக்கப்போகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

பகல் முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. சாயங்காலம் திறந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். தலையாட்டினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் போய்விட்டார். பையன் வந்து சேர்வதற்குள்.

ஏப்ரல் 30, புதன்

என்ன சொன்னார்?

இரண்டு மூன்று வார்த்தை இருக்கும். உதடு ஒரு தடவை சேர்ந்து பிரிந்தது. தண்ணீர் கேட்டாரா? பையனைக் கேட்டாரா? நான் தலையாட்டியதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியவில்லை என்று கண்டுபிடித்திருப்பார். அதில் இவரை ஏமாற்ற முடியாது.

இன்னொரு தரம் சொல்லுங்க என்று ஏன் கேட்கவில்லை நான்? களைத்துப்போவார் என்று பையனிடம் சொன்னேன். பொய். மறுபடி சொல்லியும் எனக்குக் கேட்காவிட்டால் என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். அவ்வளவுதான். பயந்துட்டேன்.

பையன் நேற்றுதான் கிளம்பினான். காரை விற்றுவிடலாமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். கடைக்குப் பஸ்ஸில் போகிறேன். காரைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

மே 14, புதன்

ஒரு மாதமாக நின்றதில் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கு மங்கலாக எரிந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு மாற்றத்தான் வேண்டும் என்றார்.

"கழட்டினா செட்டுல வெச்சதெல்லாம் போயிடும்மா. மறுபடி வெச்சுக்கலாம்."

"போகக் கூடாது."

"ஸ்டேஷன்தானே? நானே வெச்சுத் தரேன்."

"ஸ்டேஷன் இல்லைங்க."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, தன் வண்டியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்து, கரண்ட் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டே மாற்றினார். வைத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். செட்டைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 23, வெள்ளி

இன்று காரை எடுத்தேன். மழை வரும்போல இருந்தது, குடையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கடை திரும்பும் தெருவில் போன் அடித்தது. பையன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"அம்மா, எங்க இருக்க?"

கதவெல்லாம் அதிர்ந்தது. திரையில் முப்பத்தெட்டு. கை பழக்கத்தில் திருகுக்குப் போய்விட்டது. தொட்டேன். திருப்பவில்லை. ஓரம் கட்டினேன்.

"கொஞ்சம் மெல்லப் பேசுடா."

"ஏன், யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

"ம்."

அவன் குரலை ஒடுக்கிக்கொண்டான். குரலே இல்லாமல், காற்றாக, நாலு கதவிலிருந்தும் கேட்டான்:

"சரி, சரி. சாப்பிட்டியா?"

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. ஒன்று விடாமல் கேட்டது எனக்கு.

"கேட்கலை. இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.

மறுபடியும் சொன்னான்.