கார்பன் பேப்பர் ஒட்டிய ஜன்னல்

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுஜாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அங்கே நீயும் உன் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களும் சுகமாக இருக்கச் சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போனில் பேசினால் உன் சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் லூர்துராணி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் ஊரில் சண்டை வந்து சைரன் ஊதுகிறது என்று டிவியில் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. சுஜாவை உடனே கூப்பிடுங்க, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த நர்ஸ் வேலை என்று சித்தப்பா குதிக்கிறார். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இது நான் ஏற்கெனவே கேட்ட பேச்சு. எழுபத்தொன்றில் சண்டை நடந்தபோது நாங்கள் காந்தி மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம், எனக்கு எட்டு வயது. சண்டை எங்கோ வடக்கே, ஆனாலும் பொழுது சாய்ந்தால் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உன் தாத்தா பல்புக்குக் காகிதக் கூம்பு மாட்டினார். ஜன்னலுக்கு ஒட்டக் கறுப்புக் காகிதம் போதவில்லை, அப்போது டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்த உன் ஆனந்தவள்ளி பெரியம்மாவின் பழைய கார்பன் பேப்பர்களை எடுத்து ஒட்டிவிட்டார். மைதாப் பசையைக் கிண்டியது நான்தான், பாதியை நக்கியும் விட்டேன். சைரன் ஊதினால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுப்போம், எனக்கு அது விளையாட்டு. பகலில் வெயில் அடித்தால் அந்தக் கார்பனில் அக்கா அடித்த எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும். இருட்டுவதற்குள் திரும்ப முடியாது என்று அவளுடைய சாயங்கால கிளாஸை நிறுத்திவிட்டார்கள், பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

சண்டை முடிந்தது, தாத்தா காகிதத்தையெல்லாம் கிழித்துப் போட்டார். மறுநாள் அக்கா தலை சீவி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எங்கே கிளம்பிட்டே, ஊர் இன்னும் சரியாகலை என்று தாத்தா குறுக்கே நின்றார். அவளைத் தொட்டியத்தில் கட்டிக்கொடுக்கிற வரைக்கும் அந்த ஊர் சரியாகவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்திருந்தாள். சித்தப்பா வழக்கம்போல, அங்கே ஊர் சரியில்லை, சுஜா வந்துரட்டும் என்று ஆரம்பித்தார். பெரியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு எப்ப தம்பி ஊர் சரியாச்சு என்று கேட்டாள். நானும் சொல்லிவிட்டேன், என் மகளை வரச் சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். அப்பா எழுந்து போய் டிவியை அணைத்தார்.

கட்டில் பக்கத்திலேயே செருப்பும் டார்ச்சும் வைத்துக்கொள். சைரன் ஊதினால் வீம்பு பண்ணாமல் பத்திரமான இடத்துக்குப் போ. பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடு. உனக்கே பயமாக இருந்து, உனக்கே வரவேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே கிளம்பி வா. திரும்பவும் வேலைக்குப் போகிறேன் என்று நீ பையை எடுக்கிற அன்றைக்கு, வாசலில் யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

நூறு வயசு நன்றாக இரு.

உன் அம்மா,
மங்கையர்க்கரசி