வெனிஸ் நாற்காலிகள் இரண்டு

2014 யூன் 3, செவ்வாய்

முழங்கால் நோகிறது. காலை முழுவதும் அலமாரி இறக்கினோம். முதலாளி ஹெர் ஆமான் பழைய இத்தாலியத் தளபாடங்களை வாங்கி விற்கிறவர். இங்கே சுவிஸில், டீட்டிகோனில் அவருடைய களஞ்சியத்தில் அவற்றைத் தூக்கி வைப்பது பதினேழு வருடமாக என் வேலை. நாளை அவர் இத்தாலிக்குப் போகிறார். பன்னிரண்டாம் திகதிதான் வருவார்.

வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளை பொம்பிளை இருக்க மணவறைக்காரன் தருகிற நாற்காலியின் படம் வந்திருந்தது. பிளாஸ்டிக், அதிலும் ஒன்று வெடித்தது. மகள் ஹரிஷாவின் கலியாணத்துக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. மனைவி சிவகலா அழுதாள். எனக்கு அழவும் களைப்பு.

யூன் 5

களஞ்சியத்தின் பின்வரிசையில் இரண்டு வெனிஸ் நாற்காலிகள். இருநூற்றைம்பது வயது. கைப்பிடியெல்லாம் இலையும் சிப்பியுமாகச் செதுக்கி, செம்மண் பூசி, மேலே பொன் தாள் ஒட்டியவை. இத்தனை வருடம் தூக்கியும் ஒருநாள் நான் அவற்றில் இருந்ததில்லை. மகள் ஒரு காலைப்பொழுது இருந்தால் தேய்ந்தா போய்விடும்?

முதலாளிக்கு ஃபோன் எடுக்கலாம். எடுக்கவில்லை.

யூன் 7

என்னிடம் இருக்கும் திறப்பால் களஞ்சியக் கதவைத் திறந்து, இரண்டையும் வானில் ஏற்றிவிட்டேன். ஒருவருக்கும் தெரியாது.

யூன் 8, ஞாயிறு

பிள்ளை ராணி மாதிரி இருந்தாள். எங்கே வாடகைக்கு எடுத்தது என்று எல்லாரும் கேட்டார்கள்.

தாரை வார்க்கும்போது கை தவறி, செம்புத் தண்ணீர் கைப்பிடியில் ஊற்றுப்பட்டது. சபைக்கு முன்னால் சால்வையால் துடைத்தேன் — துடைத்தேனே! பொன் சால்வையோடு வந்துவிட்டது. அடியில் செம்மண். ஈரம் படக்கூடாது என்று புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

"என்னப்பா, முகம் கறுத்துப் போச்சு? பிள்ளையை அனுப்புற கவலையோ?" என்றாள் சிவகலா.

ஓம் என்றேன்.

யூன் 9

விடுமுறை. கொண்டுபோய் வைத்தேன், கெட்ட பக்கம் சுவரைப் பார்க்க.

யூன் 12

பொன் போனதை முதலாளி கண்டுபிடித்துவிட்டார். திரேசாவைக் கூப்பிட்டார். அங்கே தூசி தட்டுகிறவள் அவள்; மன்னார்ப் பெண், தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். ஈரத்துணியா போட்டாய் என்று கேட்டார். நைன், நைன், இல்லவே இல்லை என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் தள்ளுவண்டியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன்.

வெளியே வந்து, "அண்ணை, நான் ஈரத்துணி போடேல்லை எண்டு நீங்களெண்டாலும் அவருக்குச் சொல்லுங்கோவன்" என்றாள்.

"பாப்பம்" என்றேன்.

பாப்பமாம். நானும் ஒரு மனிசனே?

யூன் 13

ஹரிஷா கலியாணப் படங்கள் அனுப்பினாள். "அப்பா, அந்தக் கதிரை என்ன வடிவு" என்று எழுதியிருந்தாள். மத்தியானம்வரை பொறுத்தேன். பிறகு அவள் அதில் இருக்கிற படத்தை ஃபோனில் திறந்து முதலாளியின் மேசையில் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தார். "மகளா?" என்றார். ஓம். "அழகாக இருக்கிறாள்." பிறகு, "என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் கண்முன்னாலேயே திரேசாவுக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரச் சொன்னார். என்னைப் போகச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 25, திங்கள்

மழை. பழக்கத்தில் இன்றும் ஆறரைக்கே போய்விட்டேன். களஞ்சியத் திறப்பு இப்போது திரேசாவிடம். ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள்.

"கனநேரம் நிக்கிறியளோ?"

"இல்லை, இப்பதான் வந்தனான்" என்றேன். என் சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது.