வரையாமல் விட்ட கட்டம்

தம்பிக்கு,

பென்சில் சீவினேன். அந்த மரவாசம் வந்ததும் நீ வந்துவிட்டாய். முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் இது என் கையெழுத்து, தம்பி!

செட்டிகுளம் மலையடியில் டிவி நாடகம் எடுக்க வந்தீர்கள்; அந்தக் கூட்டத்தில் படம் வரைகிறவன் நீ. என் ஆடுகளும் நடிக்க இருந்தன. படம் பிடிக்கும் முன்பே ஒவ்வொரு காட்சியையும் நீ கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்திருந்தாய். ஸ்டோரிபோர்டு என்றாய். கட்டத்துக்குக் கீழே ஒரு வரி எழுத்து. எனக்குப் படம் மட்டும் புரிந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

"என்னண்ணே சிரிக்கிறீங்க?"

"காலையில பட்டியத் தொறக்குறப்ப, ராத்திரி பூரா மேயாத ஆட்டுக்கு இம்மாம் பெரிய வயிறா? ராத்திரி உன் வூட்டுல விருந்தா?"

பட்டி திறப்பதையும் ஆடு திரும்புவதையும் ஒரே சாயங்காலத்தில் எடுத்துவிட டைரக்டர் நினைத்திருந்தார்.

"யாருய்யா வயித்தப் பாக்கப்போறா?" என்றார்.

"ஆடு வச்சிருக்கிற சனமெல்லாம் பாக்கும் சார்" என்று நீ ரப்பரை எடுத்தாய். வயிறுகள் ஒட்டிப்போயின. மறுநாள் விடியலில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு பட்டிக்கு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டாய்: "ஆட்டை அடைச்சதும் என்னண்ணே பண்ணுவீங்க?"

"சோறு திம்பேன், வேறென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

போகும்போது அந்தத் தாள்களை என்னிடமே கொடுத்தாய். ஆட்டை அடைக்கும் கட்டத்துக்கு அடுத்த, கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அதன் கீழும் ஒரு வரி. என்ன என்று கேட்க வெட்கம். நீ இறந்த செய்தி வந்தபின், அதை இன்னொருவர் படித்துச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

நேற்று எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'இதை அண்ணனிடம் கேட்டு வரையணும்.'

தம்பி, அன்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். இப்போது கேட்டுக்கொள். பட்டி வாசல் படலைச் சாத்திவிட்டு அங்கேயே நிற்பேன். பகலெல்லாம் அடைந்து கிடந்த குட்டிகள் கத்திக்கொண்டு தாயைத் தேடும். ஒவ்வொன்றும் மடியைப் பிடித்துக் கத்தல் அடங்கும்வரை நான் நகரமாட்டேன். அப்புறம்தான் சோறு. இன்றைக்கும் அப்படித்தான்.

இன்று அந்தக் கட்டத்தில் நானே வரைந்துவிட்டேன். ஒரு படல், ஓர் ஆள், ஓர் ஆடு, ஒரு குட்டி. உன் வரிக்குக் கீழே என் வரியும் இருக்கிறது: 'அண்ணன் நிற்கிறார்.'

ஆடு பார்க்க நாய் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். வயிறு சரியாக வந்திருக்கிறது.