ஓதிய தண்ணீரில் கலந்தது

786
சாய்ந்தமருது
18.11.1955

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு ஒரே அறையில் இருக்கிறவர்களுக்கும் வேண்டாம். படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள். வாப்பாவுக்குத் தெரிந்தால் என் பள்ளிக்கூடம் அன்றோடு சரி. பதிலை வழக்கம்போல் தங்கேஸ்வரி வீட்டு விலாசத்துக்கே போடுங்கள். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவள்தான், பத்திரமாகத் தருவாள்.

நம் மாவடிப்பள்ளி வயலில் இந்த மாரியும் புழு விழுந்துவிட்டது. இரவில் தின்கிறது, பகலில் வேரடியில் ஒளிந்துகொள்கிறது. பயிர் வெறும் ஈர்க்காய் நிற்கிறதாம். போன வருஷம், தண்ணீர் ஓத வந்த பள்ளிவாசல் லெப்பைக்கு முன்னாலேயே "ஓதின தண்ணிக்குப் புழு சாகாது வாப்பா" என்று நீங்கள் சொன்னதும், பெற்ற மகனென்றும் பார்க்காமல் வாப்பா உங்களை வீட்டு வாசலைத் தாண்டிப் போகச் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. இந்த வருஷமும் லெப்பை மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்து, குடத்துத் தண்ணீரில் ஓதி ஊதிவிட்டுப் போனார்.

அன்று வரம்பில் அறுத்து வந்த மாட்டுப் புல்லில் செத்த புழுக்களைக் கண்டேன். சுண்ணாம்பில் புரட்டி எடுத்ததுபோல் வெள்ளை. புல் நுனியை இறுகப் பிடித்தபடி விறைத்துப்போயிருந்தன. இப்படிச் செத்த புழுவைக் கரைத்துத் தெளித்தால் மற்றப் புழுவுக்கும் அந்த நோய் தொற்றும் என்று பேராதனை விவசாய நிலையத்துக்குப் போன புதிதில் எழுதினீர்களே. வாப்பாவிடம் சொன்னால் உங்கள் பெயர் வரும். நானே போய்த் தெளிக்கலாமென்றால், பெரிய பிள்ளையான பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவதே பெரிது, வயலுக்கு யார் விடுவார்கள்? நான் போக முடியாது, ஆனால் குடம் போகும். புழுக்களைத் தேங்காய்ச் சிரட்டையில் நசுக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தக் குடத்தில் கலந்துவிட்டேன்.

விடிய வாப்பா கொண்டுபோய் வயலின் நாலு மூலைக்கும் தெளித்தார். எல்லாத் தண்ணீரும் வயலோடு போய்விடும் என்று நினைத்தேன் காக்கா. ஓதிய தண்ணீரின் மிச்சத்தை நிலத்தில் ஊற்றமாட்டார்கள் என்பது எனக்கு நினைவே வரவில்லை. வாப்பா குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, அடியில் கிடந்ததைக் கோப்பையில் ஊற்றி, என் கண் முன்னாலேயே குடித்தார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"பறக்கத்தான தண்ணி, அல்லாட அருள். நீயும் ஒரு முடறு குடி மகள்."

"வயித்துவலி வாப்பா."

"அதுக்குத்தானே குடிக்கச் சொல்ற!"

வாங்கினேன். வாயருகே கொண்டுபோகும்போது கோப்பை நழுவி விழுந்து உடைந்துவிட்டது. உம்மா ஏசினா. வாப்பா என்னையே பார்த்தார்.

நேற்றிலிருந்து வாப்பாவுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் நடுங்குகிறார். அந்த நோய் மனிதருக்கும் தொற்றுமா? அந்தப் புழுக்களைப்போல வாப்பாவும்... எழுதக் கை வரவில்லை. உடனே பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை
நதீரா


பேராதனை
22.11.1955

அன்புத் தங்கச்சி நதீரா,

வஅலைக்கும் ஸலாம். அழாதே. நீ வாப்பாவுக்கு நஞ்சு கொடுக்கவில்லை.

அந்த வெள்ளை ஒரு பூஞ்சணம். மாரியில் செருப்பில் பிடிக்கிறதே, அந்தச் சாதி. அதன் தூள் புழுவின் தோலில் விழுந்து, முளைத்து, உள்ளே இறங்கிக் கொல்லும். பிறகு வெளியே பூத்து அடுத்த புழுவுக்குத் தூளாகும். அதற்கு மழை மூட்டமும் ஈரமும் வேண்டும். இங்கே பூச்சி ஆய்வு செய்கிற ஐயா அதை வெறுங்கையால் அளைகிறார். கை கழுவிவிட்டுச் சோறு தின்கிறார். அவருக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனாலும் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அதைக் குடித்தவர் யாரையும் நான் அறியேன். காய்ச்சல் விடவில்லையென்றால் உம்மாவிடம் சொல்லி ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போகச் செய். டாக்குத்தரிடம் நடந்ததை ஒளிக்காதே. யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல். ஏற்கனவே துரத்தப்பட்டவனை இன்னொரு தடவை துரத்த முடியாது.

உன் கடிதத்தை எரிக்க மனம் வரவில்லை, மன்னித்துக்கொள். உம்மாவின் ஏச்சுக்கூட அதில் கேட்கிறது. வாப்பா என்னைப் பற்றி ஏதும் கதைக்கிறாரா? இல்லையென்றால் இல்லையென்றே எழுது.

அன்புடன்
றஸாக் காக்கா


786
சாய்ந்தமருது
29.11.1955

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், உங்கள் கடிதம் கிடைக்கும் முன்பே காய்ச்சல் விட்டுவிட்டது. வெறும் மழைக் காய்ச்சல்தான் என்று உம்மா சொல்கிறா. கொத்தமல்லி குடித்து எழும்பிய வாப்பா நேரே வயலுக்குத்தான் போனார்.

காக்கா, புழு செத்துவிட்டது! பயிர் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் ஒட்டிக் கிடக்கிறதாம். மழையும் விடவில்லை. ஊரெல்லாம் லெப்பையின் தண்ணீர் என்கிறது. லெப்பையோ, "நான் ஓதினன், சாகடிச்சவன் அல்லா" என்று சொல்லிவிட்டு நடக்கிறார். வாப்பாவுக்கு மட்டும் சந்தோஷமில்லை. இன்று இராச் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார்.

"போன வருசமும் அவர்தான் ஓதின. ஒரு புழுவும் வெளுக்கல்லியே புள்ள."

"அல்லாட காவல். அதில என்ன கேள்வி?" என்றா உம்மா.

"கேள்வி கேட்டவனத்தானே நான் தொரத்திப் போட்டன்."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில் காக்கா. ஒரு வருஷத்தில் உங்களைப் பற்றி வாப்பா கதைத்த முதல் கதை. பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு ஏன் மகள் கோப்பயக் கீழ போட்ட?" நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

இப்போது வேறு பயம். நாளை விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வயற்காரர் எல்லோரும் குடங்களோடு வருகிறார்கள். நிறைய வயலுள்ள சின்னப்போடியாரும் நற்பிட்டிமுனையிலிருந்து ஆள் அனுப்புகிறாராம். லெப்பை ஓதிக் கொடுப்பார். அந்தக் குடங்களில் நான் கலந்தது இருக்காது. ஓதிய தண்ணீரை மட்டும் நம்பி அவர்கள் சும்மா இருந்துவிட்டால் எல்லாருடைய வேளாண்மையும் போய்விடும். நான் வாய் திறந்தால் என் பள்ளிக்கூடம் போய்விடும். விடியுமுன்பு வாப்பாவிடம் சொல்லத்தான் போகிறேன். பள்ளிக்கூடம் போனால் போகட்டும் என்று எழுதப் பார்க்கிறேன், அந்த வரி மட்டும்...

கதவு தட்டுகிறது. வாப்பா. நான் விளக்கை அணைக்குமுன் வெளியே நின்றுகொண்டு சொல்கிறார்:

"விளக்க நூத்துராத மகள். முழிப்பெண்டு தெரியும். நீ புழு நசுக்கின சிரட்டையக் கண்டன். வெள்ளப் புழு ஒரு சட்டி நெறயப் பொறுக்கி வந்திரிக்கன். ஒரு குடத்துக்கு எத்தின போட்ட? தெரியாட்டி காக்காட்டக் கேட்டெழுது. எழுதக்குள்ள, வாப்பா கேட்டதெண்டே எழுது."