பூட்டியவர்: ஜெகதீஷ்

நவம்பர் 3, திங்கள்

பிரசவ விடுப்பு முடிந்து இன்று முதல் நாள். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பகத்தில் விட்டபோது வர்ஷா அழவில்லை. நான்தான் ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட் அப்படியே இருக்கிறது. என் நாற்காலியில் மட்டும் யாருடைய பையோ. எங்கள் கம்பெனிக்கு எடை மேடை மென்பொருள்தான் வேலை. லாரி ஏறி நின்றால் எடையைப் படித்துச் சீட்டு அடித்துத் தரவேண்டும். அந்தச் சீட்டு ஃபைல் முழுக்க நான் எழுதியது. திறந்தேன். மேலே சிவப்புப் பூட்டு. பூட்டியவர்: ஜெகதீஷ்.

இங்கே இன்னும் பழைய முறைதான். ஒருவர் செக்-அவுட் செய்தால் ஃபைல் அவர் பேரில் பூட்டிக்கொள்ளும். அவர் திருத்தி செக்-இன் செய்யும்வரை மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

"முடிச்சிட்டு வுட்டுர்றேன் மேடம். இப்பத்தான வந்துகீறீங்க, டீ சாப்டுங்க" என்றான் பக்கத்து மேசை ஜெகதீஷ்.

டீ சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 5, புதன்

இன்னும் பூட்டு.

நவம்பர் 6, வியாழன்

மேனேஜர் பார்த்தசாரதி சார் கூப்பிட்டார். நசரத்பேட்டை எடை மேடைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மென்பொருள் போயாக வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு ஒரே பொறுப்பாளர்தானாம். நானோ ஜெகதீஷோ. மற்றவருக்கு ஃபீல்டு. ஃபீல்டு என்றால் பெங்களூர் ரோட்டில் எந்த மேடை எந்நேரம் நின்றாலும் லேப்டாப்போடு ஓட வேண்டும், ஞாயிறு உட்பட. காப்பகத்தை மாலையிலேயே மூடிவிடுவார்கள். என் கணவர் ஹேமநாதனுக்கு ஆவடி தொழிற்சாலையில் ஷிப்ட். எனக்கு ஃபீல்டும் ராஜினாமாவும் ஒன்றுதான்.

"வெறும் வண்டி எடையைக் கழிச்சு, சரக்கு எடை மட்டும் சீட்டுல வரணும். அது உன் வேலைம்மா."

"ஃபைல் ஜெகதீஷ் பேர்ல லாக் ஆகியிருக்கு சார்."

"கேட்டு வாங்கிக்கோயேன். நீங்கல்லாம் சின்னக் குழந்தைங்களா?"

கேட்டேன். "அரைவாசி வேலைல கீது மேடம். இப்ப புடுங்குனா எல்லாம் பூடும்." அவன் திரையில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது.

பொய்யன். பொறுக்கி. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஜெகதீஷ்: "மேடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார். இன்னா பண்ணுவாங்க பாவம், வூட்டு டென்ஷன்." இரண்டு பேர் சிரித்தார்கள். சார் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் பார்த்தால் ஆளில்லை. மச்சான் கல்யாணமாம், திருத்தணி. புதன்வரை லீவு. பூட்டை விடாமலே போயிருக்கிறான்! போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே மேளம்.

"இன்னா மேடம், மாப்ள அழைப்பு நேரத்துல லாக்கு கீக்குன்னுகினு. வியாயக்கெழம வந்து பாத்துக்கலாம்."

வியாழனுக்கு மறுநாள் டெலிவரி. இவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போயிருக்கிறான்.

வீட்டில் ஹேமநாதன், "எதுக்கு இந்த அவமானம்? விட்டுடேன் வேலையை" என்கிறார். இவர் இதுவரை எதை விட்டார்? கேட்கவில்லை. வர்ஷாவுக்கு மூக்கடைப்பு. மடியில் நிமிர்த்திப் பிடித்தால்தான் தூங்குகிறாள். ஒரு கையால் எழுதுகிறேன்.

நவம்பர் 10, திங்கள்

சர்வர் பார்க்கும் யூசுப் அண்ணாவிடம் போனேன். அடுத்தவர் பூட்டை உடைக்க அவரால் மட்டும்தான் முடியும்.

"சார் சரின்னா ஒடைக்கிறேன் சிஸ்டர். ஆனா அவன் மெஷின்ல திருத்தி வச்சது அந்தரத்துல நிக்கும். வந்து ஒவ்வொரு வரியா உங்களோடதுல சேக்கணும். சண்டைக்கு வருவான்."

"வரட்டும்ண்ணா."

சார் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். சிவப்புப் பூட்டு மறைந்தது. உடனே செக்-அவுட் செய்தேன். பூட்டியவர்: கவிப்பிரியா. வெட்கமில்லாமல் அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, புதன்

முடித்து செக்-இன் செய்துவிட்டேன். சார் பக்கத்தில் உட்கார்ந்து காலி வண்டி, சரக்கு வண்டி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "சரியா இருக்கும்மா. இதையே அனுப்பிடலாம்."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சிரித்துவிட்டேன் போல. எதிரே இருந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

நவம்பர் 13, வியாழன்

"யார்ரா என் லாக்க ஒடச்சது?" வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். யூசுப் அண்ணா என்னைப் பார்த்தார். அவ்வளவு போதுமே.

"புள்ள பெத்துகினு வந்துட்டா ஊரே சலாம் போடணுமா? என் வேலைல கை வெக்க நீ யாரு?"

மேடம் போய் நீ ஆகிவிட்டது. "அது நான் எழுதின ஃபைல்" என்று மட்டும் வந்தது, அதுவும் கீச்சுக் குரலில். சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். சட்டையில் பால் கசிந்திருந்தது. இத்தனை நேரமும் அப்படியேதான் நின்றிருக்கிறேன்.

கிளம்பும் முன் ஃபைலை ஒருமுறை திறந்து பார்த்தேன். என் வரிகள் இல்லை. கழிக்கும் பகுதியே இல்லை! மத்தியானம் செக்-அவுட் செய்து, எதையும் சேர்க்காமல், தன் பழைய பிரதியை அப்படியே என்னுடையதன் மேல் வைத்து செக்-இன் செய்திருக்கிறான். எச்சரிக்கை வந்திருக்கும். கோபத்தில் படிக்காமலே அமுக்கியிருப்பான். வேண்டுமென்றேதானா? யாருக்குத் தெரியும்.

என்னுடையது அழிந்துபோகவில்லை. புதன்கிழமைப் பிரதி அடியில் பத்திரமாக இருக்கிறது. சாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நிமிஷத்தில் மேலே கொண்டுவந்துவிடலாம். அவர் அறையில் விளக்கு எரிந்தது. நாளைக் காலை நசரத்பேட்டைக்குக் கொண்டுபோகப் போவது ஜெகதீஷ். புதனன்றே பார்த்தாயிற்று என்று யாரும் மறுபடி சோதிக்கப் போவதில்லை.

மூடினேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சொல்லியிருக்கணுமோ? ஏன் சொல்லணும்? நான் சொல்லலன்னா அது பொய்யாகிடுமா?

நவம்பர் 14, வெள்ளி

மத்தியானம் ஜெகதீஷிடமிருந்து போன். சார் ஸ்பீக்கரில் போட்டார். ஹார்ன் சத்தம், ஆட்கள் சத்தம். அதற்கு மேல் ஒரு குரல்: "இன்னாபா சீட்டு இது? நான் ஜல்லி வாங்குனேனா, லாரியையும் சேத்து வாங்குனேனா?"

"கழிக்க மாட்டேங்குது சார், மொத்த எடையே வருது. வண்டிங்க ஹைவே வரைக்கும் நிக்கிது" என்றான் ஜெகதீஷ். இப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

சார் என்னைப் பார்த்தார். "புதன்கிழமை சரியா இருந்துதே?"

"புதன்கிழமை நான் வச்சது சரியாத்தான் சார் இருந்துச்சு. அதுக்கப்புறம் யாரோ மேல வச்சிருக்காங்க."

யாரோ. பெயரை நான் சொல்லவில்லை. சாரே திறந்து படித்துக்கொள்ளட்டும் என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

நவம்பர் 24, திங்கள்

அறைக்குப் பொறுப்பு நான். ஜெகதீஷ் இன்றிலிருந்து ஃபீல்டு. மேசையைக் காலி செய்ய வந்தவன் என் பக்கத்தில் நின்றான்.

"வியாயக்கெழம சாயங்காலமே நீ பாத்துட்ட. இல்ல?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்கம்மாவ வாரம் ரெண்டு வாட்டி டயாலிசிஸுக்கு இட்டுகினு போறது நான்தான். ஃபீல்டுக்குப் போனா யாரு போவா? அத நெனச்சியா?"

"என் குழந்தையை நீ நெனச்சியா?"

சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கும் நீ என்றுதான் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

டிசம்பர் 1, திங்கள்

பயிற்சிக்கு ஒரு புதுப் பெண்ணை என்னிடம் விட்டிருக்கிறார்கள். கலைவாணி, பூந்தமல்லியிலிருந்து வருகிறாள். கெட்டிக்காரி. சாப்பாட்டு நேரத்துக்குள் சீட்டு ஃபைலில் என் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, நானே மாத்திடட்டுமா?"

இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு யூசுப் அண்ணாவிடம் போய், அந்தப் பெண்ணுக்குத் திறந்து பார்க்கிற அனுமதி மட்டும் போதும், திருத்துகிறது வேண்டாம் என்று சொன்னேன்.

"எதுவரைக்கும் சிஸ்டர்?"

"நான் சொல்றவரைக்கும்."