உங்கள் தலைமாட்டில் வைத்த வைரம்

என் ஆசை மச்சானுக்கு,

முதல்போக நடவு முடிந்துவிட்டது. செவலைப் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் சீம்பாலுக்காகவே ஏலமலையை விட்டு இறங்கி வந்திருப்பீர்கள். இந்தத் தடவை அது யார் தொண்டையிலும் இறங்கவில்லை.

ஏலத்தோட்டத்துக் கங்காணி பெண்டாட்டிக்கு வைரம் எதற்கு என்று அன்றைக்கே சண்டை போட்டேன், நினைவிருக்கிறதா? மதுரைக்குப் போய் ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கி, வேட்டியில் முடிந்துகொண்டு வந்து நின்றீர்கள். வாய்தான் சண்டை போட்டது. உள்ளுக்குள் கொள்ளை சந்தோஷம். தாலியும் தோடும் பெரியவர்கள் பேசி முடித்துப் போட்டவை. இது நீங்களாக ஆசைப்பட்டு எனக்கென்று வாங்கியது.

ஆனால் வைரத்தை வந்ததும் போட்டுவிட முடியுமா? அத்தை விடுவார்களா? போடப்போகிறவள் அதை மூன்று ராத்திரி தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டும், கெட்ட கனவு வந்தால் கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

எனக்கோ பயம். கனவு என் கையிலா இருக்கிறது? என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, மூக்குத்தியைப் பிடுங்கி உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டீர்கள். "ஆசைப்பட்டு வாங்குனவன் நானு. கனாவும் எனக்கே வரட்டும்" என்றீர்கள். அத்தை கேட்டபோது, "கனாவுல இவதான் வந்தா. நல்லதா கெட்டதான்னு நீயே சொல்லுத்தா" என்றீர்கள். அத்தை சிரித்துக்கொண்டே என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

அதன்பிறகு மலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "வெயில்ல வந்து நில்லு, பாத்துட்டுப் போறேன்" என்பீர்கள். இப்போதும் காலை வெயிலில் வாசலில் போய் நிற்கிறேன். யார் பார்க்க, மச்சான்?

மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதும் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். மூக்குத்தியைக் கொடுக்கவில்லை. நேற்று ஓடைப்பட்டியிலிருந்து உங்கள் அக்கா வந்தார்கள்.

"போடுறவ தலைமாட்டுல வைக்கிற கல்லை வாங்குனவன் தலைமாட்டுல வச்சீக. அது எந்தம்பியவே எடுத்துக்கிருச்சு. இன்னமும் அதைப் போட்டுக்கிட்டு நிக்கிறியே! கழட்டுத்தா."

அப்படியும் இருக்குமோ? எனக்கு வரவேண்டியதைத்தான் நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா? தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது என்று எனக்கும் தெரியும். மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னேன். "கல்லு அவுகளை எடுத்துக்கிருச்சுன்னா, அவுக இதுக்குள்ளதான மதினி இருக்காக? பெறகு எப்படிக் கழட்டுவேன்?"

சுவரோரம் சுருண்டு கிடந்த அத்தை எழுந்து என்னிடம் வந்தார்கள். பிடுங்கத்தான் வருகிறார்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"கையை எடு ஆத்தா. எம்புள்ளைய ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கிறேன்."

இனி யார் வந்து சொன்னாலும் கழற்ற மாட்டேன். அத்தை கேட்கும்போதெல்லாம் முகத்தைக் காட்டுவேன். உங்களிடம் வருகிற அன்றைக்கும் போட்டுக்கொண்டேதான் வருவேன்.

உங்கள் மாமன் மகள்,
பாக்கியம்
காமயகவுண்டன்பட்டி