உரித்த முட்டைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

தவளை முட்டையின் மேற்பரப்பு எப்போது ஒட்டும், எப்போது ஒட்டாது என்று பார்ப்பதுதானே என் வேலை? நேற்று நாற்பது முட்டைகளை உறை உரித்து வைத்தேன். உரித்த முட்டை வெறும் தட்டில் ஒட்டிக் கிழிந்துவிடும் என்பதால் அடியில் ஜெல்லி பரப்பியிருந்தேன். பக்கத்து மேசை அண்ணன் உதவுகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் ஜெல்லி இல்லாத வேறு தட்டுக்கு மாற்றிவிட்டார். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"தட்டு அழுக்கா இருந்துச்சும்மா" என்றார்.

"அது அழுக்கில்லண்ணா, மெத்தை!" என்று கத்திவிட்டேன்.

தவளை இனி அடுத்த மாதம்தான் முட்டையிடும். நான் ஊருக்கு வருவதும் அதற்குப் பிறகுதான். கவலைப்படாதே.

முட்டையைப் புரட்ட, குச்சியில் ஒட்டிய புருவமுடிதான் எங்கள் கருவி. உன் புருவம் அடர்த்தி. இரண்டு முடி அனுப்பேன். இங்கே யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் மகள்